ஏழாம் எண் கிணறு

என் மனைவி சாலம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. மாவட்ட ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, மூன்றாவது கட்டில். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்க அவளால் முடியாது. நான்தான் கட்டிலைச் சுற்றிப் போய் அவள் பார்வைக்கு நேராக நின்றேன். "காயிதத்த எடுத்துக்கினீங்களா?" என்று கேட்டாள். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன். "போய்க் காட்டிட்டு வந்துடுங்க. அந்த டாக்டரம்மா கெளம்பிடப் போறாங்க" என்றாள். நான் படியிறங்கி, வரிசையில் நின்று, காகிதத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விட்டிருந்தார்கள்.

அந்தக் காகிதம் இதுதான் அம்மா. மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது. பின்பக்கம் தாள் வைத்து ஒட்டியிருக்கிறேன். படித்துப் பாருங்கள். கிணறு எண் ஏழு. உரிமையாளர் திம்மராயன், அதாவது நான். ஃபுளோரைடு, லிட்டருக்குப் புள்ளி ஆறு மில்லிகிராம். குடிக்க உகந்தது. கீழே கையெழுத்து, முத்திரை. இது உங்கள் கல்லூரி கொடுத்ததுதானே? நீங்கள் இல்லை, தெரியும். நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். ஆனாலும் அதே கல்லூரி, அதே துறை, வண்டியின் நிறம்கூட அதேதான்.

இப்போது நீங்கள் வந்து நாலு புள்ளி எட்டு என்கிறீர்கள். உங்களோடு வந்த பையன் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். மூன்று தடவை எடுத்தானாம், மூன்று தடவையும் நாலரைக்கு மேலேயாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கையால் நான் நிரப்பிக் கொடுத்தது நாற்பத்தெட்டு பாட்டில் அம்மா. நாலு வருஷம், மாதம் ஒன்று. நாற்பத்தெட்டும் நல்ல தண்ணீர் என்று உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள். குடிநீர் ஆபீசில் நாற்பத்தெட்டை நம்புவார்களா, மூன்றை நம்புவார்களா? அதனால்தானே நீங்கள் இந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எப்படி எடுக்கப்பட்டது என்று எடுத்தவன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இந்தத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் கேட்கலாம். போடாவிட்டால் கேட்க முடியாது.

எழுதிக் கொடுக்கிறேன். எனக்கென்ன பயம்? நான் சரியாகத்தான் எடுத்தேன். முழுக்கச் சொல்கிறேன், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள், அன்றைக்கு நல்ல தண்ணீராக இருந்தது இன்றைக்கு எப்படிக் கெட்டுப்போகும் என்று. எனக்கு அந்த ஒரு பதில் போதும்.

நான் ஐந்தாவதுவரைதான் படித்தவன். மாங்கூழ் ஆலையில் இருபத்தாறு வருஷம் வாசல் காவல். வருகிற லாரி நம்பரை எழுத வேண்டும், அதற்காக ஆங்கில எழுத்துக் கற்றுக்கொண்டேன். பிறகு பேப்பர் படித்தேன், நூலகத்துப் புத்தகம் படித்தேன். கேட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை? உங்கள் கல்லூரி வில்சன் சார் முதன்முதலில் ஜீப்பில் வந்து தெருமுனையில் நின்று பேசியபோது, அவர் சொன்னது புரிந்தது எனக்கு ஒருத்தனுக்குத்தான். இந்தப் பாறையில் ஃபுளோரைடு என்று ஒரு உப்பு இருக்கிறது. தண்ணீர் பாறையிடுக்கில் எத்தனை காலம் தங்குகிறதோ அத்தனைக்கு அந்த உப்பு அதில் இறங்கும். மழை பெய்து உடனே கிணற்றுக்கு வருகிற தண்ணீரில் அது குறைவு. வெகுகாலம் பாறைக்குள் கிடந்து வருகிற தண்ணீரில் அதிகம். குடித்தால் பல் பழுப்பேறும், எலும்பு இறுகும். எந்தக் கிணறு எப்படி என்று நாலு வருஷம் பார்க்கப் போகிறோம், பதினாலு வீட்டுக்காரர்கள் உதவ வேண்டும் என்றார்.

பதினாலு பேருக்கும் பாட்டில் கொடுத்தார்கள். ஒன்றாம் தேதி நிரப்பி வைக்க வேண்டும், இரண்டாம் தேதி வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். மூன்றாம் எண் கிணற்றுக்காரர் முனிரத்தினம் என்ன செய்தார் தெரியுமா? பன்னிரண்டு பாட்டிலையும் ஒரே நாளில் நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். "ஒரு வருச வேல முடிஞ்சுது. நீ என்னா மாசாமாசம் சடங்கு பண்ணிக்கினு இருக்கற?" என்று என்னைக் கேட்டார். இன்னொருவர் சமையல் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டார் பாட்டிலில். வில்சன் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அப்படி இல்லை. ஒன்றாம் தேதி விடிந்ததும் குளிப்பேன். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுவேன், தாளில் போட்டிருந்தபடி. விளிம்புவரை நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் மூடுவேன். பென்சிலால் தேதி, மணி, எண் ஏழு. ஈரத்துணி சுற்றி நிழலில் வைப்பேன். வில்சன் சார் அதை வாங்கும்போதெல்லாம், "அய்யா, எங்க மாணவருங்க உங்ககிட்ட வந்து கத்துக்கணும்" என்பார். விளையாட்டுக்குச் சொன்னாரா, உண்மையிலேயே சொன்னாரா தெரியாது. எனக்கு அன்று முழுக்க வயிறு நிறைந்திருக்கும்.

எங்கிருந்து நிரப்பினேன் என்றா? பானையிலிருந்து.

எழுதுங்கள், பானையிலிருந்து. மறைக்க என்ன இருக்கிறது? அந்தச் சமையலறையில் மூலையில் இருக்கிறது பாருங்கள், அந்தப் பானை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்று உபாதை. இந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தால் கல்லை விழுங்கினதுபோல் இருக்கும். இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சாலம்மா கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷமே ஒன்றைக் கண்டுபிடித்தாள். மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுவலி வருவதில்லை, கூரைத் தண்ணீரைக் குடிக்கிறேன் அல்லவா, அதனால் என்று. அதிலிருந்து கூரை விளிம்பில் தகரம் கட்டி, டிரம்மில் வேட்டித் துணி கட்டி மழைத்தண்ணீர் பிடித்துவிடுவாள். ஐப்பசியில் பிடித்தது கோடைவரை வர வேண்டும். அதனால் ஒரு குடம் மழைத்தண்ணீருக்கு ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் கலப்பாள். கோடையில் மூன்று சொம்பு, நாலு சொம்பு. பானையில் ஊற்றி, தெளியவைத்து, எனக்குக் கொடுப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தத் தண்ணீர்தான்.

முதல் மாதம் நான் பாட்டிலைப் பானையில் மொண்டபோது அவளே கேட்டாள்.

"ஏங்க, அவங்க கெணத்துத் தண்ணியத்தான கேட்டாங்க?"

"ஆமா."

"அப்ப கெணத்துல சேந்தி ஊத்துங்க. நான் வேணா சேந்தித் தரேன்."

"அறிவு இருக்கா உனக்கு? பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க கண்ணாடி போட்டுப் பாக்கப்போற தண்ணி. வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கலங்கல் தண்ணி குடுப்பியா நீ?"

"அவங்க குடிக்கவா போறாங்க?"

"குடிக்கலைன்னாலும் நம்ம வீட்டுத் தண்ணின்னு பேரு எழுதுவாங்க இல்ல?"

அவள் சிரித்தாள். "சரி சாமி, உங்க பேரு கலங்க வேணாம். மொண்டுக்கங்க" என்றாள். அதற்குப் பிறகு அவளே ஒன்றாம் தேதி விடியற்காலை பானையைத் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவாள். எனக்காக.

இதில் என்ன தவறு அம்மா? நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தால் செம்பைக் கழுவாமல் தண்ணீர் கொடுப்பீர்களா? பானையில் இருந்ததிலும் கிணற்றுத் தண்ணீர் உண்டுதானே, கொஞ்சம். மீதி மழைத்தண்ணீர். கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து. வில்சன் சாரே தெருமுனையில் நின்று சொன்னது அது. வானத்திலிருந்து மண் வழியாகக் கிணற்றுக்கு வந்தால் கிணற்றுத் தண்ணீர், கூரை வழியாகப் பானைக்கு வந்தால் இல்லையா?

எழுதிவிட்டீர்களா? சரி. மேலே சொல்கிறேன்.

ஒன்றரை வருஷம் ஆனதும் வில்சன் சார் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தார். உண்மையாகவே துள்ளிக்கொண்டுதான். மடிக்கணினியை இந்தத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துத் திறந்தார். பதினாலு கோடு. பதின்மூன்று கோடு மேலே கிடக்கிறது, ஒரு கோடு மட்டும் கீழே. "உங்க கெணறுதாங்க அய்யா" என்றார். ஐப்பசி, கார்த்திகை வந்தால் இன்னும் இறங்குகிறது, புள்ளி மூன்று. பங்குனி, சித்திரையில் ஏறி ஒன்றுக்குப் பக்கம் வருகிறது. மழை பெய்தால் உடனே தெரிகிறது. தண்ணீருக்கு ஏதோ பிறப்பு அடையாளம் இருக்கிறதாம், அதையும் சோதித்தார்களாம். இந்த வருஷத்து மழைத்தண்ணீரின் அடையாளம் அப்படியே இருக்கிறதாம். சுற்றியுள்ள கிணறுகளில் பழைய தண்ணீர், இதில் மட்டும் புதுத் தண்ணீர். ஏன்? அவர் விரலால் ஒரு கோடு இழுத்தார், அந்த மலையிலிருந்து என் வீட்டுக் கொல்லைவரை. "பாறையில ஒரு வெடிப்பு இருக்கணும் அய்யா. மழைத்தண்ணி நேரா உங்க கெணத்துக்கு வருது" என்றார்.

என் வீட்டுக்கு அடியில்! நினைத்துப் பாருங்கள். லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தவனுடைய வீட்டுக்கு அடியில் மலையிலிருந்து மழை நேராக வந்து சேர்கிறது. அவர் அதை ஒரு பத்திரிகையில் எழுதினார். ஆங்கிலப் பத்திரிகை. உள்ளே வரைபடத்தில் சின்னதாக ஒரு ஏழு போட்டிருக்கும். எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். எனக்குப் புரிந்தவரையில் அதில் தவறில்லை.

டீக்கடையில் முனிரத்தினம் கேட்டார்: "என்னாப்பா திம்மராயா, உன் வூட்டுக்கு அடியில கங்கை ஓடுதாமே. ஒரு சொம்பு குடேன், பொண்டாட்டி அஸ்திய கரைக்கறேன்." அவருடைய மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "முதல்ல உன்னுத கரைக்கறேன் வாய்யா" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பெருமைதான் அம்மா, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிறகுதான் தெருக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அதுவரை தெற்குக் கோடி அடிபம்பில் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அல்லது பால் சங்கத்து வண்டியில் தண்ணீர் கேன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல தண்ணீர் என்று அச்சிலேயே வந்த பிறகு யாராவது கேன் வாங்குவார்களா? நான் கிணற்றுக்குப் புதுக் கப்பி போட்டேன், இரண்டு கயிறு. எந்த நேரமும் வந்து சேந்திக்கொள்ளுங்கள் என்றேன். ஆற்றுத் தண்ணீர்த் திட்டத்துக்கு அளவெடுக்க வந்த அதிகாரியிடம் நானே இந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தேவையில்லையே, தேவைப்படற தெருவுக்குக் குடுக்கலாம்" என்றார். நியாயம்தானே என்றேன். தெருக்காரர்களும் நியாயம்தான் என்றார்கள்.

சாலம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு முட்டிவலி அதற்கு முன்பே இருந்தது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது. பிறகு முதுகு. பிறகு கழுத்து. பக்கத்தில் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டாள், உடம்போடு திரும்புவாள். "கொலுவுல வச்ச பொம்ம மாதிரி திரும்பறாங்க" என்று எதிர் வீட்டுப் பெண் சொல்ல, இவள், "மகாராணிங்க அப்பிடித்தான்டி திரும்புவாங்க" என்றாள். வலியை வலி என்று சொல்கிறவள் இல்லை. ஆனால் சேந்துவதை நிறுத்திவிட்டாள், நான் சேந்திக் கொடுத்தேன். பிறகு கால் மரத்தது. சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு அதுவும் இல்லை.

டவுன் டாக்டர் முதல் கேள்வியே கேட்டார். "எந்த ஊரு? என்ன தண்ணி?" நான் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தேன். அவர் முழுக்கப் படித்தார். "காலேஜ்காரங்களே பாத்திருக்காங்களா? அப்ப தண்ணி இல்ல. வாதம்" என்றார். வாதத்துக்கு மூன்று வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். ஒருதடவை வில்சன் சாரிடமும் சொன்னேன். அவர் கைபேசியில் என் கிணற்றின் அளவைப் பார்த்துவிட்டு, "உங்க தண்ணியில அதுக்கு வாய்ப்பே இல்லீங்க அய்யா" என்றார். அவ்வளவு உறுதியாகச் சொன்னார் அம்மா. அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இருக்கிறதென்றால் அதுதான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த வாளியை அவர் கையால் விட்டுப் பார்த்திருக்கலாம்.

என்ன அம்மா? ஒன்றும் இல்லையா? சரி.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, உங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பு முழுக்க வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்ததுபோல. அவரும் அதே கேள்வி. "என்ன தண்ணி குடிக்கிறாங்க?" நல்ல தண்ணீர், சோதித்தது, காகிதம் இருக்கிறது என்றேன். "நாளைக்குக் கொண்டாங்க" என்றார். அந்த நாளைதான் செவ்வாய்க்கிழமை. நான் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். நோட்டில் ஏற்கெனவே ஒரு வரி எழுதி வைத்திருந்தார். நான் பார்க்கும்போதே அந்த வரியின்மேல் பேனாவால் கோடு இழுத்தார்.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? நிம்மதியாக இருந்தது. நம் வீட்டுத் தண்ணீரால் இல்லை என்று.

இதனால்தான் அம்மா இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. போட்டால் அன்றைக்கு அந்தம்மாவிடம் காட்டியது பொய்க் காகிதம் என்று ஆகிவிடும் இல்லையா? நான் அவளை விட்டுவிட்டுக் கீழே போனதே அதைக் காட்டத்தானே?

சாலம்மா எந்தத் தண்ணீர் குடித்தாள் என்றா கேட்கிறீர்கள்?

கிணற்றுத் தண்ணீர்தான். அவளுக்கு மழைத்தண்ணீர் பிடிக்காது. சப்பென்று இருக்கும் என்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்தே அப்படித்தான். முப்பத்தோரு வருஷம். பானையில் எனக்கு ஊற்றிவிட்டு, அவள் வாளியிலிருந்தே சொம்பில் மொண்டு குடிப்பாள்.

ஆமாம், அவள்தான் சொன்னாள். வேறு யார் சொல்வார்கள்?

கோடையில் டிரம் அடி தட்டும்போதும் அவளுக்குப் பிடிக்காது. மழை கொட்டி டிரம் வழியும்போதும் பிடிக்காது. வழிகிற காலத்தில் ஒரு சொம்பு குடித்தால்தான் என்ன என்று நான் கேட்டதில்லை. பிடிக்காது என்கிறவளிடம் என்ன கேட்பது?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

இல்லை அம்மா, நீங்கள் அழுதால் எனக்குப் பேச வராது. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தரட்டுமா? வேண்டாமா? சரி. உங்கள் பையில் இருப்பதையே குடியுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்.

முனிரத்தினத்தின் மூன்றாம் எண் கிணற்றில் எவ்வளவு காட்டியது? நாலு புள்ளி ஒன்பதா. அவர் பன்னிரண்டு பாட்டிலும் ஒரே நாளில் நிரப்பினாரே, ஆனாலும் கிணற்றில் நிரப்பினார். அவர் தெருவுக்குக் குழாய் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் மனைவி நேற்று சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனாள்.

பேனாவைக் கொடுங்கள். நானே எழுதுகிறேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"கிணறு எண் ஏழின் பெயரில் நான் கொடுத்த நாற்பத்தெட்டு பாட்டில் தண்ணீரும் கிணற்றில் எடுத்தது அல்ல. என் வீட்டுப் பானையில் எடுத்தது. அதில் மழைத்தண்ணீர் கலந்திருந்தது. கலந்தது என் மனைவி. பானையில் எடுத்தது நான். கிணற்றில் எடுக்கும்படி அவள் சொன்னாள்."

போதுமா? கடைசி வரி தேவையில்லையா? இருக்கட்டும். அவள் சொன்னாள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

மழைத்தண்ணீர் அவளுக்குப் பிடிக்காது என்பதையும் எழுதட்டுமா? படிவத்தில் இடம் இல்லையா? ஓரத்தில் எழுதுகிறேன்.

இந்தாருங்கள். தேதி போட்டிருக்கிறேன், மணி போட்டிருக்கிறேன். குழாய் வர எத்தனை நாள் ஆகும்? ஒரு வருஷமா? அதற்குக் குறைந்து ஆகாதா? நீங்கள் கொஞ்சம் ஓடிப் பாருங்கள் அம்மா. இந்தத் தெருவில் பதினோரு வீடு இருக்கிறது. இன்று காலையும் பதினோரு வீட்டுக்காரர்களும் இந்தக் கிணற்றில்தான் சேந்திக்கொண்டு போனார்கள்.